பச்சிளங்குழந்தைக்கு நீர்க்கட்டி: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது

'பிறந்த குழந்தையின் வயிற்றில் கட்டி, டாக்டர்கள் அதிர்ச்சி' என்ற வகைச் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. கட்டி எந்த உறுப்பிலிருந்து கிளம்பியது, உள்ளே இருந்தது நீரா சதையா, குழந்தை பிறகு எப்படி இருக்கிறது என்ற விவரம் எதுவும் அவற்றில் பெரும்பாலும் இருக்காது. அப்படியொரு செய்தியைப் படித்த வீட்டுக்கு ஒரு ஸ்கேன் தாள் வந்து, அதில் 'சிஸ்ட்' என்று எழுதியிருந்தால் அன்றிரவு யாரும் தூங்க மாட்டார்கள். இதற்கு நேர்மாறான குடும்பங்களும் உண்டு. 'சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை' என்று டாக்டர் சொன்னதும் நிம்மதியாக ஊருக்குப் போய், ஒன்றரை மாதம் கழித்து வருவார்கள். சில கட்டிகளில் அந்த ஒன்றரை மாதத்துக்குள் கல்லீரல் கெட்டுப்போயிருக்கும்.

பச்சிளங்குழந்தைகளின் நீர்க்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்லாதவை. ஆகவே புற்றா என்ற கேள்வி சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்தக் கட்டிக்கு எத்தனை நாள் கொடுக்கலாம் என்ற கேள்விதான் கட்டிக்குக் கட்டி மாறும். ஆறு மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதும் உண்டு, அறுபது நாளுக்குள் முடிவெடுக்க வேண்டியதும் உண்டு, இன்றிரவே ஆம்புலன்ஸ் ஏற்ற வேண்டியதும் உண்டு. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்து எஸ்டேட்டுகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஸ்கேன் ஒரு மாநிலத்தில், பிரசவம் இன்னொரு மாநிலத்தில்.

## நீர்க்கட்டி என்பது என்ன

சுவருள்ள பை ஒன்றில் திரவம் தேங்கினால் அது நீர்க்கட்டி. குழந்தைகளில் இது உண்டாகப் பொதுவாக மூன்று வழிகள்.

1. கருவில் ஒரு குழாயோ பையோ திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் போவது. கண்ணீர்ப்பை வீக்கம், கன்னிச்சவ்வு அடைப்பால் கருப்பையிலும் யோனியிலும் நீர் தேங்குவது ஆகியவை இப்படி.
2. ஓர் உறுப்பு உருவாகும்போது கூடுதலாக ஒரு துண்டு உண்டாவது அல்லது குழாய் அளவுக்கு மீறி விரிவது. இரட்டைக் குடல் கட்டி, பித்தக்குழாய் நீர்க்கட்டி, நிணநீர்க் கட்டி ஆகியவை.
3. தாயின் ஹார்மோன் குழந்தையின் உறுப்பைத் தூண்டுவது. சினைப்பை நீர்க்கட்டி.

கண்ணீர்ப்பை வீக்கம் தவிர, முதல் இரண்டும் தாமாக மறைவது குறைவு. மூன்றாவது, ஹார்மோன் நின்றதும் வற்றத் தொடங்கும். எந்த வழியில் வந்தது என்று தெரிந்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

## 'அஞ்சாம் மாச ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னாங்களே'

பலரும் கோபமாகக் கேட்கும் கேள்வி இது. ஐந்தாம் மாத ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கப்படுகிறது. சினைப்பை நீர்க்கட்டி பொதுவாக 28 வாரத்துக்குப் பிறகுதான் கண்ணில் படும் அளவுக்கு வளரும். அன்று இல்லாததை அன்று பார்த்தவர் சொல்லியிருக்க முடியாது. எட்டு, ஒன்பதாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் அதனால்தான் முக்கியமாகிறது.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவதும் ஏறத்தாழ அதே மாதங்களில். உத்தமபாளையத்தில் வளைகாப்பு முடித்து வண்டிப்பெரியாறு போகும் பெண்ணின் கையில் தமிழ்நாட்டு அட்டை இருக்கும். அங்கே புதிதாக ஒரு கேரளத் தாய்-சேய் அட்டை போடுவார்கள். கடைசி ஸ்கேன் தாள் புகுந்த வீட்டு அலமாரியில் தங்கிவிடும். பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு 'ஏதோ கட்டின்னு சொன்னாங்க' என்ற வாய்மொழி மட்டும் போய்ச் சேரும். தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாலே போதும், இந்த இடைவெளி பெருமளவு அடைபடும்.

அந்தத் தாளிலும் ஒரு மறைபொருள் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் சட்டப்படி கருவின் பாலினத்தை எந்த வகையிலும் தெரிவிக்கக் கூடாது. சினைப்பை நீர்க்கட்டி என்று எழுதினால் பெண் குழந்தை என்று சொன்னதாகிவிடும். ஆகவே ஸ்கேன் மருத்துவர் 'வயிற்றின் கீழ்ப்பகுதியில் நீர்க்கட்டி, பிறந்தபின் பரிசோதிக்கவும்' என்ற அளவில் நிறுத்திக்கொள்வார். எதையோ மறைக்கிறார்கள் என்று வீட்டார் பயப்படுகிறார்கள். சட்டம் வாயைக் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

## பிறந்த முதல் இரண்டு நாளில்

கட்டியின் பெயரைக் கண்டுபிடிப்பதற்கு முன், அது எதை அழுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

1. மூச்சு. ஒரு நிமிடத்தில் 60 முறைக்கு மேல் மூச்சு விடுகிறதா, விலா உள்ளே இழுக்கிறதா, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வருகிறதா, பால் குடிக்கையில் நீலம் பாய்கிறதா.
2. பால். உறிஞ்சி நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறதா, குடித்தது தங்குகிறதா. தயிர்போல் கக்குவது வேறு, பச்சையாக வாந்தி எடுப்பது வேறு. பச்சை வாந்தி ஒருமுறை வந்தாலும் குடல் முறுக்கோ அடைப்போ இல்லை என்று உறுதியாகும்வரை அது அறுவை அவசரம். மாந்தம் என்றும் தொக்கு என்றும் சொல்லிக் குழந்தையைத் தொக்கு எடுக்கத் தூக்கிப் போகும் அரைநாளில் குடல் அழுகிவிடலாம்.
3. மலம், சிறுநீர். 24 மணி நேரத்துக்குள் கருமலம் போனதா, சிறுநீர் போனதா. பெண் குழந்தை என்றால் கால்களை விரித்து யோனித் துவாரத்தைப் பார்த்தார்களா. அடைபட்ட கன்னிச்சவ்வு வெளியே பிதுங்கி நிற்பதை அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அதைப் பார்க்காமல் விட்டு வயிற்றுக் கட்டி என்று மேலே மேலே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பது நடக்கிறது. கட்டியோடு ஆறு விரலும் இருந்தால் மரபுநோய் ஒன்றின் அடையாளமாக இருக்கலாம்; இதயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.
4. நிறம். மஞ்சள் எத்தனையாவது நாளில் தொடங்கியது, மலம் எந்த நிறம்.

அரசின் குழந்தை நலத் திட்டத்தில் பிறவிக் குறைபாடுகள் என்று ஒன்பது இனங்கள் பட்டியலில் உள்ளன: நரம்புக்குழல் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம், பிளந்த உதடும் அண்ணமும், வளைபாதம், இடுப்பு மூட்டு விலகல், கண்புரை, காது கேளாமை, இதயக் குறைபாடு, குறைமாதக் குழந்தையின் விழித்திரைக் கோளாறு. நீர்க்கட்டி அந்த ஒன்பதில் இல்லை. பட்டியலை வைத்துப் பார்ப்பவர் 'எல்லாம் சரி' என்று எழுதிவிடக்கூடும். ஆகவே கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டியது வீட்டாரின் வேலையாகிறது.

## எந்த ஸ்கேன், எப்படி

முதலில் அல்ட்ராசவுண்டு. பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் ஒரே ஸ்கேனுக்கு இரண்டு எதிரெதிர் ஆயத்தங்கள் உண்டு என்பதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை. பித்தப்பையைப் பார்க்க வேண்டுமானால் குழந்தை மூன்று, நான்கு மணி நேரம் பால் குடிக்காமல் இருக்க வேண்டும். குடித்தால் பித்தப்பை சுருங்கி, இல்லாததுபோல் தெரியும். சினைப்பையைப் பார்க்க வேண்டுமானால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், அதற்குப் பால் கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும். எதற்கான ஸ்கேன் என்று கேட்காமல் போனால் ஒரு பயணம் வீண்.

ஸ்கேன் தாளில் இருக்க வேண்டியவை: கட்டியின் மூன்று அளவுகள், சுவர் மெல்லியதா தடித்ததா, உள்ளே தெளிந்த நீரா கசடா தடுப்புச்சுவரா, இரண்டு சிறுநீரகங்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா. கடைசிக் கேள்வி தேவையற்றதாகத் தோன்றலாம். பச்சிளங்குழந்தை வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பாதிக்கும் மேல் சிறுநீரகத் தடத்தைச் சேர்ந்தவை. நீர் தேங்கி வீங்கிய சிறுநீரகத்தை நீர்க்கட்டி என்று பெயர் வைத்துவிட்டால் வைத்தியமே தடம் மாறும்.

எம்ஆர்ஐ கழுத்து, முதுகு, மூக்கு, மார்புக் கட்டிகளுக்கு. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டாம். ஒருவேளைப் பாலைத் தள்ளிப்போட்டு, ஸ்கேனுக்கு அரை மணி முன்பு வயிறாரக் கொடுத்து, துணியில் கதகதப்பாகச் சுற்றி, காதை மூடிப் படுக்கவைத்தால் தூங்கிவிடும். கதிர்வீச்சு என்பதால் சிடி ஸ்கேன் நுரையீரல் கட்டிகளுக்கும் வேறு வழியில்லாத இடங்களுக்கும் மட்டும்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. கட்டி என்றதும் ஏஎஃப்பி என்ற புற்றுக் குறியீட்டைப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு அது 10 நானோகிராமுக்குள் இருக்கும். நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கோ பிறந்த அன்று பல்லாயிரக்கணக்கில் இருக்கும். பெரியவர்களின் அளவுக்கு இறங்க எட்டு மாதம்வரை ஆகலாம். லேப் தாளில் அச்சடித்த 'இயல்பு அளவு' பெரியவர்களுடையது. பக்கத்தில் சிவப்பாக அம்புக்குறி போட்டிருப்பதைப் பார்த்துக் குடும்பமே இடிந்துபோகிறது. வயதுக்கேற்ற அட்டவணையோடு ஒப்பிடாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

## சினைப்பை நீர்க்கட்டி: காத்திருப்பதே வைத்தியம்

பெண் குழந்தையின் கீழ்வயிற்றில் காணப்படும் நீர்க்கட்டிகளில் முதலிடம் இதற்கு. குறிப்பிடத்தக்க அளவில் சுமார் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்று நூல்கள் சொல்கின்றன. தாயின் ஈஸ்ட்ரோஜென், நஞ்சுக்கொடியின் எச்சிஜி, குழந்தையின் சொந்த எஃப்எஸ்எச் என்ற மூன்று ஹார்மோன்களும் சேர்ந்து சினைப்பையின் சிறு நுண்ணறை ஒன்றை ஊதவைக்கின்றன. தாய்க்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்த வகையில் ஆர்எச் பொருத்தமின்மை இருந்தால் நஞ்சுக்கொடி பெரிதாகி எச்சிஜி கூடும், அப்போது வாய்ப்பு அதிகம். தாய்க்கு இருந்த பிசிஓடி குழந்தைக்கும் வந்துவிட்டது என்று மாமியார் வீட்டில் பேச்சு எழுவது வழக்கம். இரண்டும் வேறு வேறு. இந்தக் கட்டியால் பிற்காலத்தில் பிசிஓடி வருவதில்லை.

2 செ.மீ.க்குள் இருந்தால் அதைக் கட்டி என்றே சொல்ல வேண்டியதில்லை, இயல்பான நுண்ணறை. அதற்கு மேல் இருந்தால் இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். மெல்லிய சுவர், தெளிந்த நீர், ஒரே அறை என்றால் எளியது. உள்ளே கசடு படிந்து மட்டம் தெரிந்தாலோ, ரத்தக்கட்டி, தடுப்புச்சுவர் இருந்தாலோ சிக்கலானது. சிக்கலானது என்றால் புற்று என்று அர்த்தமில்லை. சினைப்பை தன் காம்பில் முறுக்கிக்கொண்டது, அல்லது உள்ளே ரத்தம் கசிந்தது என்று பொருள். பெரிய கட்டிக்குள் ஓரமாகக் குட்டிக் கட்டி ஒன்று தெரிந்தால் அது சினைப்பையிலிருந்து வந்தது என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம்.

வைத்தியம் இப்படிப் போகும்.

1. எளியது, 4 செ.மீ.க்குள்: ஒன்றும் செய்ய வேண்டாம். பிறந்த சில நாட்களில் ஒரு ஸ்கேன், பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஹார்மோன் வடிய வடியக் கட்டி சுருங்கும். பெரும்பாலானவை ஆறு மாதத்துக்குள் மறையும்.
2. எளியது, 4 அல்லது 5 செ.மீ.க்கு மேல்: முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் நீரை உறிஞ்சுவதும் உண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக் காத்திருப்பதும் உண்டு. எல்லைக்கோடு 4ஆ 5ஆ என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு இருக்கிறது. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் தப்பு என்று ஆகாது.
3. சிக்கலானது, குழந்தை நலமாக இருக்கிறது: பெரும்பாலும் முறுக்கு கருவிலேயே நடந்து முடிந்திருக்கும். நள்ளிரவு அறுவையால் அந்தச் சினைப்பையை மீட்க முடியாது. திட்டமிட்டு லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமரா விட்டு) பார்க்கலாம், சில இடங்களில் ஸ்கேனில் தொடர்ந்து பார்க்கிறார்கள். காம்பு அற்றுச் சினைப்பை வயிற்றுக்குள் தனியே மிதப்பதும் உண்டு. அதனால்தான் ஒரு ஸ்கேனில் வலப்பக்கம் இருந்த கட்டி அடுத்ததில் இடப்பக்கம் தெரியும். ஸ்கேன் தப்பு என்று சண்டைக்குப் போக வேண்டாம்.
4. நலமாக இருந்த குழந்தை திடீரென்று விடாமல் அழுதால், வெளிறினால், வாந்தி எடுத்தால், வயிறு உப்பினால்: அன்றே அறுவை. முறுக்கைப் பிரித்து, நீரை வெளியேற்றி, சினைப்பைத் திசுவை விட்டுவைப்பதே இன்றைய முறை. கருத்துப்போய்த் தெரியும் சினைப்பைகூடச் சில நேரம் மீளும். 'எடுத்துவிடுவது நல்லது' என்று யாராவது சொன்னால் 'பாதியாவது விட்டுவைக்க முடியாதா' என்று கேட்பது குடும்பத்தின் உரிமை.

இந்தக் காத்திருப்பு நாட்களில் குளிப்பாட்டும் பாட்டியிடம் சொல்லி வைக்க வேண்டும்: வயிற்றை உருவி அமுக்க வேண்டாம், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்க வேண்டாம். கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டும் வேண்டாதவை. முதல் வாரத்தில் யோனியிலிருந்து லேசாக ரத்தம் கசிவது தாயின் ஹார்மோன் குறைவதால். கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## பித்தக்குழாய் நீர்க்கட்டி: அறுபது நாள் கெடு

மேலே சொன்ன பொறுமை இங்கே ஆபத்து. ஈரலுக்குக் கீழே, வலப்பக்கம் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வந்தால் முக்கியமாக இரண்டு சாத்தியங்கள். ஒன்று, பித்தக்குழாய் விரிந்து பையான நீர்க்கட்டி. ஆசியாவில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று நான்கு மடங்கு கூடுதல். இன்னொன்று, பித்தக்குழாய் அடைபட்டுக் கிடக்க, அதன் ஓரத்தில் சிறிய நீர்க்கட்டி மட்டும் இருப்பது. ஸ்கேனில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். இரண்டாவதில் ஈரலுக்குள் பித்தக்குழாய்கள் விரிந்திருக்காது, பித்தப்பை சுருங்கியிருக்கும், கட்டியும் நாளுக்கு நாள் பெரிதாகாது. அதற்கான அறுவையைக் கசாய் என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயரால் அழைக்கிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓடும் வாய்ப்பு நன்றாக இருக்கும், தள்ளத் தள்ளக் குறையும். பிறகு ஈரல் மாற்று அறுவை ஒன்றே வழி.

வீட்டில் பார்க்க வேண்டியது மலத்தின் நிறம். பால் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக, கடுகுத் தூள் கலந்ததுபோல் இருக்க வேண்டும். சுண்ணாம்புபோல், வெளிறிய சந்தனம்போல் போனால் படமெடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டாலும் அப்படியே. பச்சிளங்குழந்தையின் சிறுநீர் நிறமற்று இருக்க வேண்டும்.

பிறந்து 14 நாளுக்கு மேல் மஞ்சள் நீடித்தால் ரத்தத்தில் மொத்த பிலிருபின் (மஞ்சள் நிறமி) மட்டும் பார்த்தால் போதாது, நேரடி பிலிருபினையும் பிரித்துக் கேட்க வேண்டும். அது 1 மில்லிகிராமைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். இளவெயிலில் காட்டு, நீல விளக்கில் வை என்பதெல்லாம் மற்ற வகை மஞ்சளுக்கு. இதில் ஒளியால் பலன் இல்லை. 'தாய்ப்பால் மஞ்சள்தான், போகப் போகச் சரியாகும்' என்ற சமாதானத்தில்தான் இங்கே நாட்கள் கரைகின்றன. அந்தச் சமாதானம் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரி என்பதே அதன் ஆபத்து.

முதலில் சொன்ன பித்தக்குழாய் நீர்க்கட்டிதான் என்று உறுதியானால், மஞ்சள் இல்லாத குழந்தைக்குச் சில மாதங்களுக்குள், மஞ்சள் இருந்தால் உடனே அறுவை. கட்டியை முழுக்க எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு துண்டை மேலே கொண்டுபோய் ஈரல் குழாயோடு தைப்பார்கள். முன்பு கட்டியை அப்படியே விட்டுக் குடலோடு இணைத்த காலம் உண்டு. விட்டுவைத்த சுவரில் பின்னாளில் புற்று வந்ததால் அந்த முறை கைவிடப்பட்டது. பச்சிளங்குழந்தைக்குச் 'சாதாரணக் கட்டி', முப்பது நாற்பது வயதில் அப்படி இல்லை என்பதற்கு இது உதாரணம். அறுவைக்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க ஆண்டுக்கொரு ஸ்கேன் வேண்டும்.

## நாக்கின் அடியில் ஒளிந்த கட்டி

மிக அரிது, மிக எளிதாகத் தவறவிடப்படுவது. நாக்கின் வேருக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அங்கே ஒரு செ.மீ. அளவில் நீர்க்கட்டி வந்தால் மூடியைப் பின்னால் தள்ளி மூச்சுவழியை மறைக்கும். வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. நெஞ்சு எக்ஸ்ரேயிலும் தெரியாது.

மூச்சை இழுக்கும்போது சத்தம் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் குரல்வளையின் குருத்தெலும்பு மென்மை. அது வளர வளரச் சரியாகும். ஆகவே சத்தம் என்றதும் 'ஒன்றரை வயதில் சரியாகிவிடும்' என்ற பதில் தயாராக இருக்கிறது. கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் அந்தப் பதிலை ஏற்கக் கூடாது.

- எடை ஏறவில்லை. பத்து நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பவில்லை, அதன்பின் நாளுக்கு 20 கிராமாவது கூடவில்லை.
- அழுகை அடைத்த குரலில், வாயில் துணி வைத்ததுபோல் வருகிறது.
- மல்லாக்கப் போட்டால் மோசம், குப்புறப் போட்டால் நிம்மதி.
- பாலுக்கு நடுவில் நீலம் பாய்கிறது, மூச்சு நின்று போகிறது.

மூக்கு வழியாக விடும் மெல்லிய வளைகுழாய்க் கேமராவால் படுக்கையிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கட்டியைக் கண்டதும் ஓர் அடி பொறுக்க வேண்டும். கழுத்தில் ஸ்கேன் எடுத்துத் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனையும் பார்க்க வேண்டும். சிலருக்குக் கழுத்துக்கு இறங்காமல் நாக்கடியிலேயே தங்கிவிட்ட தைராய்டுதான் கட்டிபோல் தெரியும். அது தெரியாமல் வெட்டினால் குழந்தைக்கு இருந்த ஒரே தைராய்டு போய்விடும்.

அறுவையைவிட மயக்கம் கொடுப்பதே கடினம். தசையைத் தளர்த்தும் மருந்தை முதலிலேயே போட்டால் நாக்கும் கட்டியும் பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கும், குழாய் விட இடம் தெரியாது. தானாக மூச்சு விடும் நிலையிலேயே மயக்கி, கழுத்தில் துளையிடும் கருவிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஊசியால் கட்டியின் நீரைக் குறைத்துவிட்டுத்தான் குழாய் செலுத்துவார்கள். நீரை உறிஞ்சுவது அந்த நிமிடத்துக்கு மட்டும் உதவும், சில நாளில் மறுபடி நிரம்பும். கட்டியின் கூரையை வெட்டி அகலத் திறந்துவிடுவதுதான் நிலையான வைத்தியம். பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாளில் மார்பில் பால் குடிக்கத் தொடங்கும். சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை கேமராவில் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டியை உள்ளூரில் 'திறந்து பார்க்கலாம்' என்று முயலவே கூடாது. குழந்தை மயக்க மருத்துவரும் காது மூக்கு தொண்டை அறுவையும் ஒரே கூரையில் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

## கழுத்து நிணநீர்க் கட்டியும் மற்றவையும்

கழுத்தின் பக்கவாட்டில் மெத்தென்று, இருட்டறையில் டார்ச் அடித்தால் சிவப்பாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் நிணநீர்க் கட்டி. நான்கில் மூன்று கழுத்தில் வருகின்றன. முகத்தையும் நாக்கையும் அசைக்கும் நரம்புகள் இதன் ஊடாக ஓடுவதால் வெட்டி எடுப்பது முதல் தேர்வாக இருப்பதில்லை. 2 செ.மீ.க்கு மேற்பட்ட பெரிய அறைகள் கொண்டவற்றுக்கு ஸ்கேனில் பார்த்து நீரை எடுத்துவிட்டு, பிளியோமைசின் போன்ற மருந்தை உள்ளே செலுத்திச் சுவர்களை ஒட்டவைப்பார்கள். நான்கு முதல் ஆறு வாரம் விட்டுத் திரும்பவும். முதல் சில நாட்கள் கட்டி முன்னைவிட வீங்கும், அதை எதிர்பார்க்கலாம். சளி பிடித்தபோது திடீரென்று பெருத்தால் கிருமித் தொற்றோ உள்ரத்தக் கசிவோ. மூச்சைக் கவனித்து மருத்துவமனை போக வேண்டும். மிகச் சிறிய அறைகளாகச் சிதறிக் கிடக்கும் கட்டிக்கு இப்போது சிரோலிமஸ் மருந்து உதவுகிறது. கருவிலேயே பெரிதாகத் தெரிந்தால் பிரசவத்தையே குழந்தை அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரட்டைக் குடல் கட்டியை ஸ்கேனில் அதன் இரட்டைச் சுவரால் அடையாளம் காணலாம்: உள்ளே வெள்ளை வரி, வெளியே கறுப்பு வரி. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். சிலவற்றில் இரைப்பைச் சவ்வு இருந்து அமிலம் சுரந்து புண்ணாகி ரத்தம் போகும். குடல் முறுக்கும், குடல் குடலுக்குள் செருகுவதும் உண்டு. மறைந்துபோகாது, எடுத்துவிட வேண்டும்.

கண்ணின் உள்மூலையில் நீலம் பூத்த வீக்கம் கண்ணீர்ப்பையில் நீர் தேங்கியது. ஒருபக்கம் மட்டும் என்றால் கற்றுக்கொடுத்தபடி மேலிருந்து கீழாக அழுத்தி நீவலாம். இரண்டு பக்கமும் இருந்து மூச்சுத் திணறினால் நீவிக்கொண்டிருக்கக் கூடாது. பிறந்த குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும், கட்டி மூக்குக்குள்ளும் பிதுங்கியிருக்கும். தாய்ப்பாலைக் கண்ணில் விடுவது கிருமிக்கு விருந்து.

மேலண்ணத்தின் நடுக்கோட்டிலும் ஈறிலும் தெரியும் வெள்ளை முத்துகள் அரிதானவையே அல்ல, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு உண்டு. சில வாரத்தில் உதிரும். கிள்ளாதீர்கள், தேன் தடவித் தேய்க்காதீர்கள்.

## ஊசி படக்கூடாத நடுக்கோடு

உச்சந்தலையிலிருந்து மூக்கு நுனி வரையும், பிடரியிலிருந்து வால் எலும்பு வரையும் உடலின் நடுக்கோட்டில் இருக்கும் எந்தக் கட்டியும் மூளையோடோ தண்டுவடத்தோடோ இணைந்திருக்கலாம். எம்ஆர்ஐ பார்க்காமல் ஊசி குத்தினால் மூளைக்காய்ச்சலை வரவழைத்ததாகிவிடும். வால் எலும்பை ஒட்டிய நீர்க்கட்டி இன்னொரு காரணத்தாலும் தனி. அது 35,000 முதல் 40,000 பிறப்புக்கு ஒன்றில் வரும் டெரட்டோமா (பலவகைத் திசுக்கள் கலந்த) கட்டியாக இருக்கலாம். பிறந்தபோது பெரும்பாலும் புற்று அல்லாதது. மாதங்கள் போனால் புற்றாக மாறும். ஆகவே முதல் வாரங்களிலேயே, வால் எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். எலும்பை விட்டால் கட்டி திரும்பும்.

## மலையில் பயணம் கிளம்பும் முன்

குமுளியிலிருந்து கீழே லோயர் கேம்ப், கம்பம் வழியாகத் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி, தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. மேற்கே குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயம் மருத்துவக் கல்லூரி வளாகப் பக்கம், காந்திநகரில் குழந்தைகள் மருத்துவமனை. எந்தத் திசை என்பதைத் தூரத்தைவிட, அன்று குழந்தை அறுவை மருத்துவர் பணியில் இருக்கிறாரா, செயற்கைச் சுவாசப் படுக்கை காலியா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். அனுப்பும் டாக்டர் பெறும் டாக்டரிடம் போனில் பேசிய பிறகே வண்டி கிளம்ப வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரையிலான நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சையும் போக்குவரத்தும் மத்திய அரசின் ஜேஎஸ்எஸ்கே என்ற தாய்-சேய் நலத் திட்டத்தில் இலவசம். தனியார் மருத்துவமனை என்றால் காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது, அங்கே செல்லுமா என்பதைக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டியில்:

1. குழந்தை தாயின் மார்போடு தோலோடு தோலாக, தலையில் தொப்பி, மேலே போர்வை. மலைக்காற்றில் உடல் 36.5 டிகிரிக்குக் கீழே போனால் சர்க்கரையும் இறங்கும், மூச்சும் கெடும்.
2. தொண்டை, கழுத்துக் கட்டி என்றால் மல்லாக்க வேண்டாம். எந்தப் பக்கம் சாய்த்தால் சத்தம் குறைகிறதோ அந்தப் பக்கம், ஆக்சிஜன் அளவுமானி காலில் மாட்டியபடி.
3. வயிறு உப்பியோ பச்சை வாந்தியோ இருந்தால் பால் நிறுத்தம். வாய்வழி இரைப்பைக் குழாய் போட்டு, குழாயின் வெளி நுனியைத் திறந்து விட வேண்டும், மூடி போடக் கூடாது. கூடவே சர்க்கரை கலந்த சலைன்.
4. அறுவை எதிர்பார்த்தால் கடைசியாகப் பால் கொடுத்த நேரத்தைத் தாளில் எழுத வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி, பொடிப் பாலுக்கு 6 மணி இடைவெளி கேட்பார்கள்.
5. பிறந்ததும் போட வேண்டிய 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்பதையும் எழுத வேண்டும். இடம் மாறிப் பிறந்த குழந்தைகளில் இது விடுபடுகிறது, அறுவையில் ரத்தம் நிற்காதபோதுதான் நினைவுக்கு வருகிறது.
6. தாயின் ரத்த வகை, இரண்டு மாநில அட்டைகளும், ஸ்கேன் அறிக்கையோடு ஸ்கேன் படங்களும்.

குறைமாதக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்தால், கருவுற்றதிலிருந்து 60 வாரம் ஆகும்வரை, அறுவைக்குப் பின் மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு. சின்ன அறுவையாக இருந்தாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பச் சொல்லக் கூடாது, குறைந்தது ஓரிரவு மானிட்டரில் இருக்க வேண்டும். எடுத்த கட்டியின் சுவர் திசுப் பரிசோதனைக்குப் போகும், முடிவு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்குள் வீடு திரும்பியிருப்பீர்கள். அந்தத் தாளை யார் போய் வாங்குவது என்று டிஸ்சார்ஜ் அன்றே பேசி, அடுத்த ஸ்கேன் தேதியோடு குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எழுதி வைக்க வேண்டும்.